சென்னை ஈன்ற ஆர்மீனிய இதழ்

நுழையும்முன்

ஓர் இனத்தின் முதல் இதழ் அவ்வினத்தின் தாயகத்தில் பிறப்பதே இயல்பு. ஆர்மீனிய மொழியின் முதல் இதழோ, தாயகத்திற்குப் பல்லாயிரம் கல் தொலைவில், தமிழ் வழங்கும் சென்னையில் பிறந்தது. அதனை ஈன்றவர் அரூத்யூன் ஷ்மாவோனியன் என்னும் சமயகுரு. தாய்மொழிக்கு அவர் ஆற்றிய தொண்டினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வணிகர் கண்ட சென்னை

ஆர்மீனியர் மேற்காசிய மலைநாட்டினர். பாரசீகப் பேரரசும் துருக்கியப் பேரரசும் தம்முள் பொருதமையால் அவர்தம் நாடு சிதைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அம்மக்களுள் பெருந்தொகையினரை இசுபகானை அடுத்த புதிய ஜுல்பாவில் குடியேற்றினார். அங்கிருந்து பட்டும் மணியும் கொண்டு கடல் கடந்தவருள் ஒரு பிரிவினர் சென்னையை அடைந்தனர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் பாலம் அமைத்த பெட்ரூஸ் உஸ்கான் இவ்வினத்தவரே. இவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவைத் தமிழ் மக்கள் அரண்மனைக்காரன் தெரு என வழங்கினர். அயற்பெயர் தமிழ்ச் செவிக்கேற்பத் திரிந்தது. அத்தெருவில் 1772இல் எழுப்பப்பட்ட தூய மரியன்னை ஆலயம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

துயரில் விளைந்த கல்வி

ஷ்மாவோனியன் 1750இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் பிறந்தார். மணம் புரிந்தோரும் குருத்துவம் ஏற்பது ஆர்மீனியத் திருச்சபையின் மரபு. அவ்வாறு குருவான அவர் தம் ஆண்மக்கள் இருவரையும் ஒரு வாரத்திற்குள் இழந்தார். ஆற்றொணாத் துயருற்று, பாரசீகத் துறவியர் நடுவே ஏழாண்டு தனித்து வாழ்ந்தார் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அக்காலத்தே பாரசீக இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை பெற்றார். பின்னர், 1784இல், சென்னை வாழ் ஆர்மீனியர்க்குச் சமயப்பணி ஆற்ற இந்நகருக்கு வந்தார்.

எழுத்தும் அச்சும்

சென்னையில் ஆர்மீனிய அச்சுக்கு வித்திட்டவர் ஷாஹாமீர் ஷாஹாமீரியன் என்னும் பெருவணிகர். அவர் 1772இல் நிறுவிய அச்சகத்திலிருந்து, தாயக விடுதலையையும் சட்டத்தின் ஆட்சியையும் வலியுறுத்தும் நூல்கள் வெளிவந்தன. அவ்வழியில் ஷ்மாவோனியன் 1789இல் தமக்கென ஓர் அச்சகம் தொடங்கினார்.

அக்காலத்தில் அச்சகம் நடத்துதல் எளிதன்று. ஒவ்வோர் எழுத்தையும் எஃகு முனையில் செதுக்கிச் செம்பில் பதித்து, அவ்வச்சில் ஈயக் கலவையை உருக்கி வார்த்தல் வேண்டும். ஆர்மீனிய நெடுங்கணக்கில் எழுத்துகள் 38. அவற்றிற்குப் பெரிய வடிவும் சிறிய வடிவும் தனித்தனியே உண்டு. எனவே எழுபதுக்கும் மேற்பட்ட வார்ப்புகள் தேவைப்பட்டன. ஷ்மாவோனியன் பிறரை எதிர்பாராது எழுத்துகளைத் தாமே ஆயத்தம் செய்தார். அச்சிடுவதற்குரிய தாளையும் தாமே உருவாக்கினார்.

அவர்தம் பாரசீகப் புலமையும் பயனின்றிப் போகவில்லை. ஆம்பூர்ப் போரில் 1749இல் தந்தை அன்வருத்தீன் வீழ்ந்தபின் நவாபு பட்டத்திற்கு உரிமை கோரிப் போராடிப் பெற்றவர் முகமது அலி. வேலூரை அடுத்த ஆர்க்காட்டின் பெயரால் வழங்கிய அந்நவாபின் அவை, பின்னாளில் சென்னைச் சேப்பாக்கத்தில் விளங்கியது. அரபு, பாரசீக நூல்களை அச்சிடும் இசைவை ஷ்மாவோனியன் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து பெற்றார்.

அஸ்தரார்

இந்தியாவின் முதல் செய்தித்தாள் 1780இல் கல்கத்தாவில் வெளிவந்தது. சென்னையின் முதல் செய்தித்தாளான மெட்ராஸ் கூரியர் 1785இல் தோன்றியது. இரண்டும் ஆங்கில இதழ்கள். ஆர்மீனிய மொழியிலோ உலகின் எம்மூலையிலும் அதுவரை ஓர் இதழ் இல்லை. அக்குறையைக் களைய, 1794 அக்டோபர் 16ஆம் நாள் ஷ்மாவோனியன் அஸ்தரார் என்னும் மாத இதழைத் தொடங்கினார். அஸ்தரார் என்பதற்கு அறிவிப்போன் என்பது பொருள்.

கப்பல்களின் வரவும் செலவும், சரக்குகளின் விலைநிலை, அயல்நாட்டு நிகழ்வுகள், ஆங்கிலத் தாள்களிலிருந்து மொழிபெயர்த்த செய்திகள், ஆர்மீனியச் சமூகச் செய்திகள் ஆகியன அதில் இடம்பெற்றன. கடல்தோறும் சிதறிய வணிகர்க்குச் சரக்கு விலை தொழிலுக்கு உதவியது. தம்மினத்தார் செய்தியோ, நாடிழந்த நிலையிலும் தாம் ஒரே மக்கள் என்னும் உணர்வை அளித்தது.

எனினும் பொருள்வளம் துணைநிற்கவில்லை. ஆர்மீனியம் கற்றோர் தொகை சென்னையில் சிறிது. சந்தா செலுத்தியோர் மிகச் சிலர். பதினெட்டு இதழ்களுக்குப்பின், 1796இல் அஸ்தரார் நின்றது.

நிலைத்த புகழ்

இதழ் நின்றபின்னும் ஷ்மாவோனியன் சென்னையை விட்டு நீங்கவில்லை. நாற்பது ஆண்டுகள் இந்நகரில் சமயப்பணி புரிந்து, 1824 பிப்ரவரியில் மறைந்தார். அவர்தம் கல்லறை தூய மரியன்னை ஆலய வளாகத்தில் அமைந்துள்ளது. காலப்போக்கில் ஆர்மீனிய வணிகர் குடும்பங்கள் பல சென்னையை விட்டு அகன்றன. ஆனால், அவர் விதைத்த விதை பிற நாடுகளில் முளைத்தது. பின்னாளில் பல நகரங்களிலிருந்து வெளிவந்த ஆர்மீனிய நாளேடுகளும் வார ஏடுகளும் அஸ்தராரையே தம் முன்னோடியாகக் கொண்டன. அதன் முதல் இதழ் வெளிவந்த அக்டோபர் 16 ஆர்மீனிய இதழியல் நாளாகப் போற்றப்படுகிறது.

தமிழ் எழுத்தில் அமைந்த முதல் நூல் 1578இல் கொல்லத்தில் அயல்நாட்டவர் முயற்சியால் அச்சேறியது. முதல் ஆர்மீனிய இதழ் தமிழ் மண்ணில் தோன்றியது. ஒரு மொழி தன் மண்ணுக்கு அப்பாலும் வாழ இயலும். அதற்குத் தேவை, அம்மொழிக்கென உழைக்கும் மக்களே. மக்களை இழந்த தந்தை ஒருவர் ஈய எழுத்துகளைக் கோத்துத் தம் இனத்திற்கு நிலையான ஒரு செல்வத்தை விட்டுச் சென்றார்.