காட்டிக்கொடுத்தவனின் கதை சொன்ன ஜோன் போர்ட்

காட்டிக்கொடுத்தல் என்பது எம்மவர்க்கு விளக்கம் வேண்டாத சொல். முகம் மறைத்து நின்று தலையசைத்த ‘தலையாட்டி’களை, நெளுக்குளம் தொடக்கம் முல்லைத்தீவு வரை, போரின் ஆண்டுகளைக் கடந்துவந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஒருவனையே கதையின் நடுவில் நிறுத்தி 1935ஆம் ஆண்டில் திரைப்படம் ஆக்கியவர் ஜோன் போர்ட். அவரது வாழ்வை நாம் இங்கு நினைவுகூர்வது காரணத்தோடுதான்.

1894 பெப்ரவரி 1ஆம் திகதி, அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் போர்ட். 1914இல் தமையனைப் பின்பற்றி ஹொலிவூட் சென்று, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து, 1917இல் நெறியாளரானார். 1921இன் இறுதியில், பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான போர் ஓய்ந்திருந்த வேளையில், தந்தையின் ஊரான ஸ்பிடலுக்குச் சென்றார்.

அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓபிளஹேர்ட்டி 1925இல் எழுதிய நாவலே ‘த இன்போர்மர்’ என்ற அப்படத்தின் மூலம். அதனைப் பிரித்தானியாவில் 1929இலேயே ஒருமுறை படமாக்கியிருந்தனர். போர்ட்டுக்குக் கிடைத்ததோ சிறு முதலீடுதான். மூன்று வாரங்களுக்குள் படப்பிடிப்பு முடிந்தது. மலிவான அரங்குகளின் குறையைப் பனிமூட்டம் மறைத்தது. அப்பனிமூட்டமே குற்றவாளியின் குழம்பிய உள்ளத்துக்கும் உருவகமானது.

1922ஆம் ஆண்டு டப்ளின் நகரம். இயக்கத்திலிருந்து விலக்கப்பட்ட ஜிப்போ நோலன் பசியோடு அலைகிறான். அமெரிக்காவுக்குக் கப்பற் கட்டணம் 10 பவுண். தேடப்படும் நண்பன் பிராங்கியின் தலைக்கு விலை 20 பவுண். நண்பன் தாயின் வீட்டிலேயே சுடப்படுகிறான். பணம் ஓரிரவுக் குடியிலும் ஊதாரித்தனத்திலும் கரைகிறது. விசாரணை நெருங்கியபோது, ஜிப்போ குற்றமறியாத தையற்காரர் ஒருவரைக் காட்டிக்கொடுத்தவராகச் சுட்டுகிறான். உண்மை வெளிப்பட்டதும் இயக்கத்தின் துப்பாக்கி அவனைத் தேடுகிறது. குண்டடிபட்டுத் தேவாலயத்தில் வந்து வீழ்பவனை, பிராங்கியின் தாய் மன்னிக்கிறாள்.

நான்கு ஒஸ்கார் விருதுகள் இப்படத்துக்குக் கிடைத்தன. சிறந்த நெறியாளருக்கான விருதினைப் பிற்காலத்தில் மேலும் மூன்று முறை போர்ட் பெற்றார்.

ஆனால், கதையில் தாம் கண்ட சோதனை 1950இல் அவர் வாழ்விலும் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்டையினால் ஹொலிவூட்டில் நண்பரை நண்பர் ஐயுற்ற காலம் அது. நெறியாளர் சங்கத்தினர் அனைவரும் அரச விசுவாசச் சத்தியம் செய்யவேண்டும் என்பதை எதிர்த்த தலைவர் ஜோசப் மன்கிவிச்சைப் பதவி நீக்க, சிசில் பி. டிமில் அணியினர் முனைந்தனர். கம்யூனிச எதிர்ப்பு அமைப்பொன்றில் தாமும் உறுப்பினராயிருந்த போர்ட், ஒக்டோபர் 22ஆம் திகதிய கூட்டத்தில் மன்கிவிச்சின் பக்கமே எழுந்து நின்றார். டிமில்லின் முயற்சி தோற்றது. 1973 ஓகஸ்ட் 31ஆம் திகதி போர்ட் மறைந்தார்.

அப்படத்தில் நாம் மறக்கலாகாத பாத்திரம் அந்தத் தையற்காரரே. எமது மண்ணிலும் ஐயத்தின் பேரில் துரோகி என முத்திரை குத்தப்பட்டவர்கள் உள்ளனர்; அவர்களுடைய குடும்பங்கள் அப்பழியை இன்றும் சுமக்கின்றன. காட்டிக்கொடுத்தவனை மன்னிப்பதா, இல்லையா என்பது இழந்தவர்களின் உரிமை. ஆதாரமின்றி எவர்மீதும் அப்பழியைச் சுமத்தாதிருப்பதோ நம் எல்லோரதும் கடமையாகும்.