தன்பால் ஈர்ப்பை நோய் என்றவர்: யார் இந்த சார்லஸ் சோகாரிடீஸ்?

தன்பால் ஈர்ப்பை மாற்றிக் காட்டுறோம்னு நடத்தப்படும் கன்வர்ஷன் தெரபியை, தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து வந்த அறிவிப்பு அது. இதுக்கு ஒரு காலத்தில் டாக்டர் கோட்டு மாட்டிவிட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் சோகாரிடீஸ்.

1922-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஹார்வர்டில் படிப்பு, நியூயார்க்கில் பிராக்டிஸ், ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அம்மா அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு, அப்பா விலகியே இருந்தால் பையன் தன்பால் ஈர்ப்பாளர் ஆகிறான்; நோய் என்பதால் குணப்படுத்தலாம். இதுதான் அவரோட தியரி.

தன்னிடம் வந்தவர்களில் சுமார் மூணில் ஒருத்தர் மாறிட்டதா சொன்னார். இந்த எண்ணைக் கொஞ்சம் கவனிங்க. மாறினது யாருன்னு முடிவு பண்ணியது சிகிச்சை கொடுத்த அவரே. சிகிச்சை எடுக்காதவர்களோடு ஒப்பீடும் கிடையாது. இப்படி ஒரு எக்செல் ஷீட்டை நான் கொடுத்தா, எங்க எடிட்டர் அப்பவே திருப்பி அனுப்பிடுவார். ஆனா சோகாரிடீஸை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாங்க. மாற்ற முடியும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க உளவியல் சங்கம் 2009-ல் ஆய்வுகளை அலசிச் சொன்னது.

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கியது. சோகாரிடீஸ் தரப்பு விடலை. கையெழுத்து வாங்கி, 1974-ல் உறுப்பினர்கள் மத்தியில் வாக்கெடுப்பு நடத்த வெச்சாங்க. நீக்கியது சரின்னு 5,854 பேர், தப்புன்னு 3,810 பேர். ஓட்டுப் போட்டா அறிவியலை முடிவு பண்றதுன்னு இன்னிக்கும் சிலர் கேட்கிறாங்க, இல்லையா? ஓட்டு வேணும்னு கேட்டதே தோற்ற தரப்புதான்.

1992-ல், 70 வயசில், உளவியலாளர் ஜோசப் நிக்கலோசி, டாக்டர் பெஞ்சமின் காஃப்மன் இருவரோடும் சேர்ந்து, இந்தச் சிகிச்சையைப் பரப்ப நார்த் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அதே காலகட்டத்தில் வெள்ளை மாளிகையில் இன்னொரு சோகாரிடீஸ் இருந்தார். பெயர் ரிச்சர்ட். அதிபர் பில் கிளிண்டனுக்குத் தன்பால் ஈர்ப்பாளர்கள் விவகாரங்களில் ஆலோசகர். அவரும் தன்பால் ஈர்ப்பாளர். டாக்டரோட மூத்த மகன்.

தியரிப்படி பார்த்தா, விலகி நின்ற அப்பான்னு கூண்டில் ஏற வேண்டியவர் சோகாரிடீஸ்தான். அப்பவும் அவர் தியரியை மாத்திக்கலை. 2005 டிசம்பரில், 83 வயசில் இறக்கும் வரைக்கும் அதே நிலைப்பாடுதான்.