எட்வர்டு ஆங்கிள்

எட்வர்டு ஹார்ட்லி ஆங்கிள் (ஜூன் 1, 1855 – ஆகஸ்ட் 11, 1930) அமெரிக்கப் பல் மருத்துவர் ஆவார். கோணலாக வளர்ந்த பற்களைக் கம்பி கட்டி நேராக்கும் மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர். தற்காலப் பல்வரிசைச் சீரமைப்பியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு மாவட்டத்திலுள்ள ஹெரிக் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே கருவிகள் செய்வதில் திறமை காட்டினார். 1878 ஆம் ஆண்டில் பல் மருத்துவத்தில் பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கினார். நுரையீரல் நோயால் தொழிலை விட்டு மேற்கே சென்று, மொன்டானாவில் செம்மறியாட்டுப் பண்ணை நடத்தினார். கடும் குளிர்காலம் ஒன்றில் பண்ணை அழிந்தது. பின்னர் பல் மருத்துவத்திற்கே திரும்பி, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

1900 ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் பல்வரிசைச் சீரமைப்புக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இவருடைய மனைவி அன்னா ஹாப்கின்சும் பல் மருத்துவம் கற்று இவருக்குத் துணை நின்றார். இறுதிக் காலத்தில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

வகைப்பாடு

பற்களை நேராக்கும் முயற்சி ஆங்கிளுக்கு முன்பே இருந்தது. பிரான்சு நாட்டவரான பியர் ஃபோஷார், துளையிட்ட உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை 1728 இல் வெளிவந்த தமது நூலில் விவரித்துள்ளார். எனினும், எது குறைபாடு என்பதை வரையறுக்கப் பொது அளவுகோல் இல்லை. அதனை 1899 ஆம் ஆண்டில் ஆங்கிள் வகுத்தளித்தார். மேல், கீழ் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமே அதன் அடிப்படை.

முதல் வகை: கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும், மற்றப் பற்கள் நெருங்கியோ திரும்பியோ இருக்கும்.
இரண்டாம் வகை: கீழ்க் கடைவாய்ப் பல் இயல்பான இடத்திற்குப் பின்னால் இருக்கும். மேல் முன்பற்கள் துருத்தி நிற்பது இதில் மிகுதி.
மூன்றாம் வகை: கீழ்க் கடைவாய்ப் பல் முன்னால் தள்ளியிருக்கும். கீழ்த்தாடை முன்னோக்கித் தோன்றக்கூடும்.

கம்பியும் பல்லும்

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய இழைகள் அதைப் பிடித்திருக்கின்றன. கம்பி தரும் மென்மையான, தொடர்ந்த விசையால் பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. விசை மிகுந்தால் வேர் கெடக்கூடும். ஆகவே சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கிறது.

ஆங்கிளின் தொடக்கக்காலக் கருவியில், வெளிப்புறத்தே வளைந்து செல்லும் தடித்த கம்பியோடு பற்கள் கட்டப்பட்டன. அது பல்லின் மேற்பகுதியைச் சாய்த்ததே தவிர, வேரை நகர்த்தவில்லை. இக்குறையைப் போக்கக் கருவியைப் பலமுறை மாற்றியமைத்தார். 1920களின் பிற்பகுதியில், பிராக்கெட்டின் கிடைமட்டக் காடியில் செவ்வகக் கம்பியைப் பொருத்தும் முறையை வெளியிட்டார். செவ்வகக் கம்பி காடிக்குள் உருளாது. எனவே அதை முறுக்கி வேரின் சாய்வையும் கட்டுப்படுத்த முடிந்தது.

பல் பிடுங்குதல் குறித்த சர்ச்சை

முழுப் பல்வரிசையையும் காப்பதே இயற்கைக்கு உகந்தது என்று ஆங்கிள் உறுதியாக நம்பினார். இடம் போதாதபோது நல்ல பற்களைப் பிடுங்குவதை ஏற்கவில்லை. இதை எதிர்த்த கால்வின் கேசுடன் 1911 ஆம் ஆண்டளவில் பெரும் விவாதம் எழுந்தது. ஆங்கிளின் கருத்தே அக்காலத்தில் மேலோங்கியது.

ஆனால், விரித்து நேராக்கிய பற்கள் சிலருக்கு மீண்டும் கோணலாயின. இவருடைய மாணவரான சார்லசு ட்வீட், தாம் சிகிச்சையளித்தவர்களுக்கே பற்களைப் பிடுங்கி மறுசிகிச்சை செய்து, முடிவுகளை 1940 இல் முன்வைத்தார். மற்றொரு மாணவரான ஆத்திரேலியாவின் ரேமண்ட் பெக்கும் அவ்வழியே சென்றார். இன்று, பிடுங்குவதா வேண்டாமா என்பது நோயாளியின் தாடை, முகத்தோற்றம், இடநெருக்கடி ஆகியவற்றைப் பொறுத்து முடிவு செய்யப்படுகிறது.

தாக்கம்

ஆங்கிளின் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் இடவேண்டியிருந்தது. 1970களுக்குப் பின் பிராக்கெட்டுகளைப் பல்லில் நேரடியாக ஒட்டும் வழக்கம் பரவியது. எனினும் செவ்வகக் காடி மாறவில்லை. 1953 இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்ற சென்னை உட்பட, தமிழகத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இவருடைய மூவகைப் பிரிவு இன்றும் அடிப்படைப் பாடமாக உள்ளது. பல் பிடுங்குவது குறித்த இவருடைய கொள்கையைத் திருத்திய மாணவர்களும் இவர் உருவாக்கிய கருவியையே பயன்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.