பத்தே வாக்கியங்கள்

தமிழ் வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்களுக்கு ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை நான் பாடமாக நடத்துவதுண்டு. உரைக்குள் புகுமுன் அவர் இலக்கணம் கற்ற வரலாற்றைச் சொல்லிவிடுவேன். 1809-ஆம் ஆண்டு கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர் அவர். பள்ளிக்குச் சென்ற நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். கோடரி பிடித்துக் காய்த்த கை. நியூ சேலம் என்னும் சிற்றூரில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது, இருபது வயதைத் தாண்டிய பின்னர்தான், சில மைல் தொலைவு நடந்து சென்று ஓர் இலக்கண நூலைப் பெற்று வந்து தாமே படித்தார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழிதான். ஆயினும் மேடைக்கும் வழக்கு மன்றத்துக்கும் உரிய ஆங்கிலத்தை அவரும் முயன்றே கற்க வேண்டியிருந்தது. கடைசி வரிசை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

வழக்கறிஞரானார். 1858-இல் செனட் பதவிக்கான போட்டியில் தோற்றார். 1860-இல் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றார். மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 ஜூலையில், கெட்டிஸ்பர்க் களத்தில் மூன்றே நாள்களில் இருதரப்பிலும் இறந்தோர், காயமுற்றோர், காணாமற் போனோர், சிறைப்பட்டோர் ஏறத்தாழ 50,000 பேர். அங்கே மாண்ட வடபகுதி வீரர்களுக்கான கல்லறை நிலத்தை அர்ப்பணிக்கும் விழா நவம்பர் 19 அன்று நடந்தது. எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் முழங்கினார். பின்னர் எழுந்த லிங்கன் பேசியது பத்தே வாக்கியங்கள், மூன்று நிமிடமளவே. ரயிலில் கடித உறையின் பின்புறம் கிறுக்கியது என்ற கதையை நான் வகுப்பில் சொல்வதில்லை. முன்கூட்டியே எழுதித் திருத்திய பேச்சு அது.

தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை. ஸ்கோர் என்பது கிரிக்கெட்டில் வருவதுதானே என்பார்கள். பழைய வழக்கில் அது இருபது. நான்கு இருபதும் ஏழும் 87. 1863-இல் அதைக் கழித்தால் 1776, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடன ஆண்டு! கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் எனக்கு முன்பே சொல்லிவிடுவார்.

அர்ப்பணித்தல் என்னும் வினை உரையில் ஆறு முறை வருகிறது. முதலில் நாடு ஒரு கொள்கைக்கு அர்ப்பணிக்கப்படுகிறது. பிறகு நிலம் மாண்டவர்க்கு. இறுதியில், உயிரோடிருப்போர் எஞ்சிய பணிக்குத் தம்மையே அர்ப்பணிக்க வேண்டும். எண்பதுக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட கடைசி வாக்கியத்தைக் கரும்பலகையில் துண்டு துண்டாக எழுதினால்தான் இது புலப்படும். பகைவரைத் தூற்றும் சொல் ஒன்றுகூட இல்லை. நான் என்ற சொல்லே இல்லை.

அடிமை முறை என்ற சொல்லும் இல்லையே, ஏன் என்று ஒரு மாணவி கேட்டார். மனிதர் அனைவரும் சமம் என்பதை முதல் வாக்கியத்திலேயே வைத்திருக்கிறாரே என்றேன். அது போதுமா என்றார். மணியடிக்கும் வரை வகுப்பு இரண்டுபட்டுக் கிடந்தது.

மறுநாள் எஞ்சிய கதையைச் சொன்னேன். 1864-இல் மீண்டும் வென்ற லிங்கன், அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தைக் காங்கிரஸில் நிறைவேற்ற அரும்பாடுபட்டார். அந்தத் திருத்தத்தில் அச்சொல் வெளிப்படையாகவே இடம்பெற்றது. 1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் சுடப்பட்டு, மறுநாள் காலை இறந்தார். திருத்தம் நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு டிசம்பரில்.