29 ஆண்டுகள் காத்திருந்த டார்வின்

பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுவைப் பற்றியது என்பது தெரியுமா?

1809-ல் இங்கிலாந்தில் பிறந்த அவர், ஐந்தாண்டுக் கப்பல் பயணம் முடிந்து தாய்மாமன் வீட்டுக்குப் போனார். புல்வெளியில் எப்போதோ இறைத்த சுண்ணாம்பும் கரித்தூளும் மண்ணுக்குள் இறங்கிக் கிடப்பதை மாமன் காட்டினார். புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கழிவாகத் தள்ளுவதே காரணம் என்று 1837-ல் லண்டன் புவியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். இத்தனை சிறிய புழுவால் அவ்வளவு முடியுமா என்று பிற்பாடு மறுத்தவர்களும் உண்டு.

1842-ல் டவுன் கிராமத்தில் குடியேறியவர், வீட்டருகே புல்வெளியில் உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871-ல் பள்ளம் தோண்டினார். வெள்ளைக் கற்கள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன! நாங்களோ மூன்று போகம் பார்த்ததுமே முடிவு எழுதிவிடுகிறோம்.

வீட்டுக்குள் தொட்டிகளிலும் புழு வளர்த்தார். பியானோ ஓசைக்கு அசையாத புழுக்கள், தொட்டியைப் பியானோ மேல் வைத்து வாசித்ததும் வளைக்குள் பதுங்கின. காது இல்லை, அதிர்வு தெரிகிறது. நுரையீரலும் இல்லை. ஈரத்தோல் வழியே பிராணவாயு ரத்தத்தில் கலக்கிறது. முதுகுக் குழாய் ரத்தத்தை முன்னோக்கித் தள்ள, அந்நாட்டு இனத்தில் 5 ஜோடி இதயங்கள் அதை வயிற்றுப்பக்கக் குழாய்க்கு இறக்குகின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். மூடாக்கு இல்லாத உங்கள் வயலில் கோடையில் புழு ஆழத்துக்குப் போவது இதனால்தான்.

புத்தகம் 1881 அக்டோபரில் வெளிவந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருவதாக அதில் கணக்கிட்டிருந்தார். ஆறே மாதத்தில், 1882 ஏப்ரல் 19 அன்று, அதே டவுன் வீட்டில் காலமானார்.