திண்டுக்கல் முதல் சித்தூர் வரை

சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை என்றொரு சிற்றூர் உண்டு. திருப்பதிக்கும் சித்தூருக்கும் பேருந்தில் போய்வரும் நம் மாணவருள் அப்பெயரைக் கேள்வியுற்றோர் சிலரே. மைசூரை ஆண்ட ஐதர் அலி உயிர்நீத்த இடம் அது.

கோலார்ச் சீமையில், பூதிக்கோட்டையில், 1720-ஐ ஒட்டிப் பிறந்தவர் ஐதர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். எழுதப் படிக்கக் கற்றாரில்லை. ஆயினும், வெள்ளையர் படையின் வலிமை எதில் இருக்கிறது என்பதைக் கற்றோரினும் விரைந்து கண்டுகொண்டார். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தார் ஆனதும், பிரெஞ்சுக்காரர் மேற்பார்வையில் கைவினைஞரைக் கூட்டி அங்கே ஒரு படைக்கலச் சாலை அமைத்தார்.

அக்காலத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் வாய்வழியே இடப்படும். குழலோ இருபுறமும் திறந்த இரும்புக் குழாய். பின்வாயின் உள்ளே மரை வெட்டி, இரும்புத் திருகாணி ஒன்றால் அதனை அடைப்பர். வெடியின் வேகத்தைப் பின்புறம் தாங்குவது அந்தச் சிறிய அடைப்பே. மரை தளர்ந்திருந்தால் அடைப்பு பின்னோக்கிப் பாயும். சுடுபவன் முகந்தான் அதற்கு இலக்கு! இடைவெளியின்றி அது பொருந்தவும் வேண்டும். இடுக்கில் கரி தங்கினால் ஈரத்தை ஈர்த்துத் துருவேறும். பிறகு கழற்றுவது எளிதன்று. குழலை இறுகப் பற்றவைத்து, எண்ணெயில் ஊறவிட்டு, சிறிது சூடு காட்டித் திருக வேண்டும். உள்ளே பழைய மருந்து கிடந்தால் அச்சூடே எமன். சிப்பாய் கைவைக்கும் வேலையன்று. தேர்ந்த கொல்லன் வேண்டும். ஏடறியாத ஒருவர், நாட்டைப் பிடிக்குமுன் பட்டறையைப் பிடித்தார் என்பதே எனக்கு வியப்பு.

1780-இல் பெரும் படையுடன் கருநாடகத்தில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லியின் படை அழிந்தது. ஆர்க்காடும் வீழ்ந்தது. மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் கூட் என்பாரிடம் ஐதர் தோற்றார். இப்போரில் எரிந்த ஊர்கள் பல. நம் குடியானவர் பட்ட பாட்டை மறைத்து அவரைப் போற்றுவது முறையன்று.

1782-இல் திருப்பதிக்கு அண்மையிலுள்ள சந்திரகிரிக் கோட்டை அவருக்குப் பணிந்தது. அவ்வாண்டே முதுகில் ராஜபிளவை கண்டது. டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூரை அடுத்த பாசறையிலேயே இறந்தார்.

மகன் திப்புவோ தொலைவில், மலையாள நாட்டில் இருந்தார். செய்தி பரவினால் படை கலைந்துவிடும் என்று அஞ்சிய பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் இறப்பை மறைத்தனர். உடலைப் பேழையில் இட்டு, கருவூலப் பொருள் போலக் கோலாருக்கு அனுப்பினர். திப்பு வந்து சேர்ந்தபோது படை கலையாமல் காத்திருந்தது. ஐதரின் உடல் பின்னர்ச் சீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது.