வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரைக் கேளாத தமிழர் அரியர். ஈழத்திலிருந்தும் எத்தனையோ நோயாளர் கடல் கடந்து அங்குச் சென்று நலம்பெற்று மீண்டிருக்கின்றனர். ஆயினும், அதனை நிறுவிய ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாருக்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பை நம்மிற் பலர் அறியார். அவருடைய பாட்டனார் வைத்தியர் ஜோன் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து வந்து, 1820 முதலாக யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் சமயப்பணியும் ஒருங்கே செய்தவர். 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தவர். பாட்டனாரின் பெயரையே தாங்கிய தந்தையாரும் யாழ்ப்பாணப் பகுதியிற் பிறந்தவரே.

அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டார். பசியால் மெலிந்த பிள்ளைகளுக்குத் தம் சிறு கையால் உணவு கொடுத்த அந்த நினைவு அவரைத் தொண்டிற்கு ஈர்க்கவில்லை. மாறாக, இந்நாட்டுப் பக்கமே திரும்புவதில்லை என்ற உறுதியைத்தான் வளர்த்தது. அமெரிக்காவிற் கல்வி கற்றுக்கொண்டிருந்தவர், 1890இல் தாயார் நோயுற்றமையாற் சிலகாலம் துணையிருப்போம் என்றெண்ணியே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கு நிகழ்ந்த ஓரிரவின் செய்தி பலரும் அறிந்ததே. பிராமணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், உயர்குல இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடும் தத்தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். தமக்கு மருத்துவந் தெரியாது, தந்தையார் வருவார் என்று அவர் கூறியும், அந்நிய ஆடவர் தம் மனைவியரைத் தீண்டுதல் ஆகாதென மூவரும் மறுத்துத் திரும்பினர். விடியற்காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. மூவருடைய சமயமும் குலமும் வேறு, தடையோ ஒன்றே. எங்கள் புத்தளக் கரையோரத்திலும் இசுலாமியரும் இந்துக்களும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து களப்பு வழியே தோணியிற் கொண்டுவரப்பட்டுக் கரை சேருமுன்பே உயிர்நீத்த தாய்மாரின் கதைகளை என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆதலின் அத்திண்டிவனத்து இரவு எனக்குத் தூரத்துக் கதையாகத் தோன்றுவதில்லை.

ஐடா அம்மையார் அமெரிக்கா மீண்டு மருத்துவம் பயின்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட கோர்னெல் மருத்துவக் கல்லூரியின் முதல் அணியிலேயே 1899இற் பட்டம் பெற்றார். 1900இன் தொடக்கத்தில் இந்தியா வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையாரை இழந்தார். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிறு வைத்தியசாலையில் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளர் மருந்து பெற்றனர். செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டொலரைக் கொண்டு, 1902இல் நாற்பது கட்டில்களுடைய மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது.

கட்டடம் எழுந்ததைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்றுண்டு என்பது என் கருத்து. அதுவே 1909இல் அங்குத் தொடங்கிய தாதியர் பயிற்சிப் பள்ளி. தொடக்க நாளில் அம்மையாருக்கு உதவியவர், வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியே. வேறு பயிற்சி பெற்றார் இலர். சத்திரசிகிச்சை ஒரு நாழிகையில் முடிந்துவிடும். அதன்பின் புண்ணைக் கழுவுதல், துணி மாற்றுதல், மலசலம் அகற்றுதல், இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்த்தல் ஆகியவற்றைப் பல நாட்கள் செய்பவர் எவர்? இவையெல்லாம் இழிதொழில் என்றும், நற்குடிப் பெண் பிறர் உடலைத் தொடுதல் தகாதென்றும் எண்ணிய காலம் அது. டெலியா ஹௌட்டன் என்னும் தாதி அம்மையார் அப்பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். குலம் பாராது எந்நோயாளியையும் தொடுவதே அங்குக் கற்பித்த முதற் பாடம் எனலாம்.

இவ்விடத்திற் சொல்லாராய்ச்சி ஒன்று செய்ய ஆசையுண்டு, வாசகர் பொறுப்பாராக. தாதி என்னுஞ் சொல்லுக்கு அகராதியில் வளர்ப்புத் தாய் என்றும் பொருள், ஏவற்பெண் என்றும் பொருள். முன்னது வேறொரு வடசொல்லின் வழி வந்தது, பின்னது மற்றொன்றின் வழி வந்தது. தமிழில் இரண்டும் ஒன்றாயின. தமிழகத்தார் செவிலி என வழங்குவர். அதுவோ சங்கத் தலைவியை வளர்த்த தாய். ஏவற்பெண்ணாக எண்ணப்பட்டவளைச் செவிலித்தாயாக உயர்த்திய வரலாறே வேலூரின் வரலாறு.

அவ்வெண்ணம் முற்றும் மறைந்துவிட்டதோ? சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி தாதியியல் படிக்க விரும்பினாள். தந்தையார் கடற்றொழில் செய்பவர், நல்லவர். இரவுக் கடமையும் அந்நிய ஆடவரைத் தொடுதலும் தம் குடும்பத்திற்கு ஆகா என்றார். இந்த அம்மையாரின் கதை முழுவதையும் அவருக்குக் கூறினேன். பொறுமையாகக் கேட்டார்; இசையவில்லை. அம்மாணவி இப்பொழுது ஆசிரியையாக இருக்கிறாள்.

1918இல் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலணியிற் பரீட்சைக்குச் சென்ற பதினால்வரும் தேறினர். அவ்வாண்டு ஆடவருள் ஐவரில் ஒருவரே தேறினர் என்பர். கிராமந்தோறும் வண்டியிற் சென்று மரநிழலில் நோயாளரைப் பார்க்கும் வழக்கத்தையும் அவர் கைவிடவில்லை.

பின்னர் வந்தது சோதனைக் காலம். பட்டமளிக்கும் கல்லூரியாக உயர்த்தினாலன்றிப் பள்ளி நிலைக்காது என்ற நிலை ஏற்பட்டது. எழுபது வயது கடந்தவர் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். ஆடவரையுஞ் சேர்ப்பதென்ற முடிவை, பெண்கள் கல்விக்கென்றே நெடுநாள் பொருளுதவிய அமெரிக்க அம்மையார் சிலர் வன்மையாக எதிர்த்தனர். பழைய நட்பு முறிந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் 1942இற் பட்டக் கல்வி தொடங்கியது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர்.

இவ்விரண்டிற்கும் இடையே, 1946இல், வேரா பிட்மன் அம்மையாரின் தலைமையில் தாதியர் பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாயிற்று. இந்தியாவில் தாதியியலிற் பட்டக் கல்வி முதன்முதல் தொடங்கிய இடங்கள் இரண்டே. தில்லி ஒன்று, வேலூர் மற்றொன்று. வைத்தியரின் ஏவலுக்குக் காத்து நிற்பவளாக அன்றி, நோயாளியின் நிலையைத் தானே ஆராய்ந்தறியும் உடனுழைப்பாளியாகத் தாதியை ஆக்குதலே அதன் நோக்கம். இன்று நம் நாட்டில் யாழ்ப்பாணம், பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களிலும் அப்பட்டக் கல்வி உண்டு.

அம்மையார் மணம் புரியாதவர். ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதத்தில் தம் 89ஆம் வயதிற் காலமானார். அவர் பெயரையே தாங்கிய சகோதரர் மகள், வைத்தியர் ஐடா பி. ஸ்கடர், வேலூரிற் கதிர்மருத்துவப் பகுதியை வளர்த்துக் குடும்பத்தின் தொண்டைத் தொடர்ந்தார்.